எல்லையிடும் வினை: ‘டிடர்மின்’ என்னும் ஆங்கிலச் சொல்லின் பொருளும் ஆட்சியும்

முடிவெடுத்தல் என்னும் செயலைக் குறிக்க ஆங்கிலத்தில் வழங்கும் வினைச்சொற்கள் பல. அவற்றுள் ‘டிசைட்’ அன்றாடப் பேச்சில் மிகுதியாகப் பயில்வது. ‘ரிசால்வ்’ மன உறுதியையும் சிக்கல் தீர்தலையும் ஒருசேரச் சுட்டுவது. ‘செட்டில்’ பேசி இணங்கி முடித்துக்கொள்ளும் சாயல் உடையது. இவற்றோடு சேர்த்து எண்ணப்படும் ‘டிடர்மின்’ வீட்டுப் பேச்சில் அருகியே வந்தாலும், சட்டத்திலும் அறிவியலிலும் அரசு ஆவணங்களிலும் திரும்பிய பக்கமெல்லாம் எதிர்ப்படுவது. இவ்வுரை அந்த ஒரு வினையையே ஆய்பொருளாகக் கொள்கிறது.

உள்ளதை உள்ளவாறு கண்டறிதலும், இனி இன்னவாறே இருக்க வேண்டும் என்று விதித்தலும் தம்முள் வேறான செயல்கள். ஒரு கிணற்றின் ஆழத்தை அளந்து சொல்பவர் கண்டறிகிறார். இத்தனை அடிக்குக் கீழே தோண்டலாகாது என்று ஆணையிடுபவர் விதிக்கிறார். முன்னவரிடம் கேட்க வேண்டியது சான்று. பின்னவரிடம் கேட்க வேண்டியவை அதிகாரமும் காரணமும். ‘டிடர்மின்’ இவ்விரு செயல்களுக்கும் ஒருங்கே பெயராக நிற்பதால், அந்தச் சொல்லைத் தாங்கிவரும் ஆணையைக் கையில் பெறுபவருக்கு எந்தக் கேள்வியைக் கேட்பது என்பது விளங்குவதில்லை. பல வேளைகளில் இரண்டுமே கேட்கப்படாமல் போகின்றன. இந்த வினையின் பொருள்களை வேறுபிரித்து அறிவது சொல்லாராய்ச்சியாளர்களின் தேவை மட்டுமன்று. நிலமும் வயதும் உரிமையும் இந்த ஒரு சொல்லால் தீர்க்கப்படும் எளிய மக்களின் தேவையும் ஆகும் என்பதே இவ்வுரையின் கருத்து.

பலபொருள் ஒருசொல்லைப் பிரித்தறியும் முறையைத் தமிழ் இலக்கணம் நெடுங்காலத்திற்கு முன்பே வகுத்துவைத்துள்ளது. தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் கிளவியாக்கம், அத்தகைய சொல்லின் பொருள் அதனோடு வரும் வினையாலும், இனத்தாலும், சார்பாலும் தெளிவுறும் என்கிறது. ‘மா’ என்ற சொல் பூத்தது என்னும் வினையோடு வந்தால் மரத்தையும், ஓடிற்று என்னும் வினையோடு வந்தால் விலங்கையும் உணர்த்துவது இதற்கு உரையாசிரியர் வழிவந்த விளக்கம். ஆங்கில வினை ஒன்றை ஆராயவும் இந்த அளவுகோல் நன்கு பயன்படுகிறது. ‘டிடர்மின்’ தனியே நிற்கையில் பொருள் மயங்குவதும், எழுவாயும் செயப்படுபொருளும் பின்வரும் தொடரும் சேர்ந்த பிறகு பெரும்பாலும் தெளிவதும் கண்கூடு. தெளியாத இடங்களே சிக்கலானவை. அவை கீழே விரிவாகப் பார்க்கப்படும்.

சொல்லின் வேர் இலத்தீனில் உள்ளது. ‘டெர்மினஸ்’ என்றால் எல்லை, எல்லைக்கல்லும் அதுவே, ரோமானியர்க்கு அது ஒரு தெய்வத்தின் பெயருமாகும். ஆண்டுதோறும் பிப்ரவரி 23 அன்று, ஒரு வரப்பின் இருபுறமும் நிலம் உடையவர்கள் நடுவேயுள்ள கல்லுக்குத் தத்தம் பக்கத்திலிருந்து மாலை சூட்டிப் படையலிட்டார்கள். கோயில் நிலங்களின் எல்லையில் திருச்சூலக்கல்லும் திருவாழிக்கல்லும் நாட்டிய தமிழ்நாட்டுக் கல்வெட்டு வழக்கை அறிந்தவர்க்கு இந்த வழிபாடு வியப்பளிக்காது. எல்லை இடுதல் என்ற பொருளில் பிறந்த இலத்தீன் வினை பிரெஞ்சு வழியாகப் பதினான்காம் நூற்றாண்டு அளவில் ஆங்கிலத்துள் புகுந்தது. எல்லைக்கல் நாட்டுபவர் முன்பே இருந்த எல்லையைக் காட்டுகிறாரா, அல்லது கல்லை நாட்டுவதன் மூலம் எல்லையை உண்டாக்குகிறாரா என்ற வினாவுக்கு ஒற்றை விடை இல்லை. அயலார் இருவரும் ஒப்பினால் காட்டுகிறார், ஒப்பாவிட்டால் உண்டாக்குகிறார். ஆங்கில வினையின் இரட்டைத் தன்மை இவ்வாறு வேரிலேயே இருந்தது எனலாம்.

இன்றைய ஆங்கிலத்தில் இவ்வினை பெறும் பொருள்களை அதனோடு வரும் சொற்களைக் கொண்டு பிரிக்கலாம். எழுவாய் உயர்திணையாக இருந்து, பின்னே இன்னொரு செயலைக் குறிக்கும் எச்சத்தொடர் வந்தால், மனத்தில் உறுதி பூணுதல் என்பது பொருள். படிப்பை விடுவதில்லை என்று ஒரு பெண் உறுதி பூண்டாள் என்பது போன்ற தொடர்களில் அதுவே வருகிறது. பின்னே ஐயவினாத் தொடர் வருமானால், அதாவது நீரில் உப்பு மிகுந்துள்ளதா இல்லையா, இறப்பு எப்போது நேர்ந்தது என்பன போன்று வருமானால், ஆராய்ந்து கண்டறிதல் என்பது பொருள். பள்ளி ஆய்வகக் குறிப்பேட்டில் ‘நோக்கம்’ என்ற தலைப்பின்கீழ்த் தனி ஊசலைக் கொண்டு புவியீர்ப்பு முடுக்கத்தைக் காண்பது பற்றி எழுதப்படும் ஆங்கில வரி இந்த வகையினது. எழுவாய் அஃறிணையாகி, மண்ணோ வெப்பமோ மழையோ எழுவாயானால், ஒன்று மற்றொன்றுக்குக் காரணமாகி அதன் போக்கை அமைத்தல் என்ற பொருள் பிறக்கிறது. எழுவாய் அதிகாரம் பெற்ற ஒருவராக, செயப்படுபொருள் கட்டணமாகவோ ஊதியமாகவோ இருந்தால், விதித்தல் என்னும் பொருள் முன்வருகிறது. செயப்படுபொருளே இல்லாமல், குத்தகை, உரிமை, பதவிக்காலம் போன்றவை எழுவாயாக வந்தால், முடிவுக்கு வருதல் என்பது பொருள். இதுவே இவ்வினையின் மிகப் பழைய பொருள்களுள் ஒன்று.

செயப்பாட்டுவினையில் இந்தத் தெளிவு குலைகிறது. நெல்லின் விலை சந்தையால் அமைகிறது என்பதற்கும், நெல்லின் விலையை அரசு விதிக்கிறது என்பதற்கும் ஆங்கிலம் இதே வினையைச் செயப்பாட்டில் ஆள்வதோடு, செய்தவரைச் சொல்லாமல் விடவும் இடம் தருகிறது. விலை இவ்வாறு ‘டிடர்மின்’ செய்யப்பட்டுள்ளது என்று மட்டும் ஓர் அறிவிப்பில் எழுதிவிட்டால், அது எவரும் பொறுப்பேற்க வேண்டாத இயற்கை நிகழ்ச்சி போலாகிவிடுகிறது. ஆட்சித்துறை ஆங்கிலம் இந்தச் சொல்லை விரும்பி ஆள்வதற்கு இந்த வசதியும் ஒரு காரணமாக இருத்தல் கூடும்.

இடைக்கால ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களில் இச்சொல்லுக்கு நிறுவனம் சார்ந்த ஒரு பொருள் இருந்தது. பாரிசிலும் ஆக்ஸ்ஃபோர்டிலும் ஒரு வினாவை முன்வைத்து மாணவர்கள் இருதரப்பாக வாதிட்ட பின், ஆசிரியர் எழுந்து இருபக்கக் காரணங்களையும் எடுத்துரைத்துத் தம் முடிபைச் சொல்வார். அந்த முடிபுக்கு ‘டிடர்மினேஷியோ’ என்று பெயர். கலைப்பிரிவில் இளநிலைப் பட்டம் நாடியவர்களும் தவக்காலத்தில் இவ்வாறு முடிபுரைத்துத் தகுதியை நிறுவ வேண்டியிருந்தது. அங்கே முடிபு என்பது எதிர்வாதத்தைக் கேட்ட பிறகே சொல்லத்தக்கது என்னும் ஒழுங்கு சொல்லோடு பிணைந்திருந்தது குறிப்பிடத்தக்கது.

அதே ஒழுங்கு இங்கிலாந்தின் நீதிமுறையிலும் உண்டு. மன்னரின் ஆணை பெற்ற நீதிபதிகள் ஊர்தோறும் சென்று குற்ற வழக்குகளைக் ‘கேட்டு முடிக்க’ அதிகாரம் பெற்றனர். சட்டப் பிரெஞ்சில் இதற்கு ‘ஓயர் அண்ட் டெர்மினர்’ ஆணை என்று பெயர். இங்கிலாந்தின் சுற்று நீதிமன்றங்கள் 1972இல் நீக்கப்படும்வரை இப்பெயர் வழக்கில் இருந்தது. கிழக்கிந்தியக் கம்பெனிக்கு 1726இல் வழங்கப்பட்ட அரச பட்டயம் சென்னையின் ஆளுநருக்கும் அவையினருக்கும் அளித்த குற்றவியல் அதிகாரமும் இதே பெயரைத் தாங்கியதே. முதலில் கேட்டல், பிறகு முடித்தல் என்ற வரிசை பெயரிலேயே அமைந்திருக்க, கேட்டல் கெட்டுப்போய் முடித்தல் மட்டும் எஞ்சினால் என்ன நேரும் என்பதற்கு 1692ஆம் ஆண்டு மாசசூசெட்சின் சேலம் நகரில் கூடிய இதே பெயர்கொண்ட தனி நீதிமன்றம் சான்றாக உள்ளது. சூனியக் குற்றம் சாட்டப்பட்டவர்களின் ஆவியுரு தங்களைத் துன்புறுத்தியதாகச் சிலர் சொன்னதைச் சான்றாக ஏற்றுக்கொண்ட அந்த மன்றம் சில மாதங்களுக்குள் 19 பேரைத் தூக்கிலிடச் செய்தது. அக்டோபரில் ஆளுநர் வில்லியம் ஃபிப்ஸ் அம்மன்றத்தைக் கலைத்தார். மறு ஆண்டு வேறொரு நீதிமன்றம் ஆவியுருச் சான்றைத் தள்ளியபோது எஞ்சிய வழக்குகளில் பெரும்பாலோர் விடுவிக்கப்பட்டனர். மன்றத்துக்கு அதிகாரம் இருந்தது. கண்டறியும் வழிதான் இல்லை. விதித்தல் கண்டறிதலின் இடத்தைப் பிடித்துக்கொண்ட நிகழ்ச்சிகளில் இதைவிடக் கொடியவை சிலவே.

முடிவுறுதல் என்னும் பழம்பொருள் பேச்சு ஆங்கிலத்திலிருந்து ஏறத்தாழ மறைந்துவிட்டது. ஆயினும் இந்தியச் சட்டத்தில் அது உயிரோடிருக்கிறது. 1882ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 111ஆம் பிரிவு, அசையாச் சொத்தின் குத்தகை எவ்வெவ்வாறு முடிவுறும் என்பதை எட்டு வகைகளாகச் சொல்லுமிடத்து ஆள்வது இவ்வினையைத்தான்: காலக்கெடு தீர்தல், குறித்த நிகழ்ச்சி நடத்தல், குத்தகைக்கு விட்டவரின் உரிமையே அற்றுப்போதல், இருவர் உரிமையும் ஒருவரிடமே சேர்தல், வெளிப்படையாகவோ குறிப்பாகவோ ஒப்படைத்தல், உரிமை பறிபோதல், முன்னறிவிப்புக் காலம் முடிதல் என அவ்வகைகள் அமைகின்றன. பள்ளி ஆங்கிலம் மட்டும் அறிந்த ஒரு கடைக்காரர், தம் குத்தகை ‘டிடர்மின்’ செய்யப்பட்டதாக வழக்கறிஞர் நோட்டீஸில் படித்தால், குத்தகை உறுதியாகிவிட்டது என்று எண்ணி ஆறுதல் கொள்ளவும் கூடும். உண்மையில் அந்தத் தாள் அவரைக் கடையைக் காலி செய்யச் சொல்கிறது. 1963ஆம் ஆண்டின் தனிக்குறித் தீர்வழிச் சட்டமும் தன்னியல்பிலேயே ‘டிடர்மினபிள்’ ஆன ஒப்பந்தத்தை நீதிமன்றத்தின் வழியே நிறைவேற்றுவிக்க முடியாது என்கிறது. வரையறுக்கத்தக்க ஒப்பந்தம் என்று இதைப் பெயர்த்தால் பொருள் தலைகீழாகிவிடும், இடையில் முடித்துக்கொள்ளத்தக்க ஒப்பந்தம் என்பதே அதன் கருத்து.

எல்லைக்கல்லிலிருந்து புறப்பட்ட சொல் மீண்டும் எல்லைக்கல்லுக்கே வந்து சேரும் இடம் ஒன்று தமிழ்நாட்டுச் சட்டத்தில் உண்டு. 1923ஆம் ஆண்டின் நிலஅளவை மற்றும் எல்லைகள் சட்டம், தகராறு இல்லாத எல்லையை ‘டிடர்மின்’ செய்து பதிய நிலஅளவை அலுவலருக்கு 9ஆம் பிரிவில் அதிகாரம் தருகிறது. தகராறு உள்ள எல்லையையும் அவ்வாறே செய்து பதிய 10ஆம் பிரிவில் அதிகாரம் தருகிறது, ஆனால் அங்கே காரணத்தையும் சேர்த்து எழுத வேண்டும் என்கிறது. காரணம் என்ற அந்த ஒரு சொல் கூடுதலாக வந்திருப்பதில் சட்டத்தை எழுதியவர்களின் நுண்ணுணர்வு வெளிப்படுகிறது. இருதரப்பும் ஒப்பிய எல்லையைப் பதிவது கண்டறிதல். அதற்கு அளவே போதும். ஒப்பாத எல்லையைப் பதியும்போது அலுவலர் ஒருவர் சொல்லை ஏற்று மற்றவர் சொல்லைத் தள்ளுகிறார்; அது தீர்ப்பு, ஆகவே காரணம் வேண்டும். வினை ஒன்றாகவே இருக்க, செயல் மாறியதைச் சட்டம் பக்கத்தில் ஒரு சொல்லை வைத்துக் காட்டிவிடுகிறது.

களத்தில் இந்த இரண்டும் எப்படிக் கலக்கின்றன என்பதையும் நோக்க வேண்டும். சர்வேயர் புலப்படத்தைக் கையில் வைத்துக்கொண்டு, ஐயமின்றி நிலைத்திருக்கும் பழைய கற்களைத் தேடிப்பிடித்து, அவற்றிலிருந்து படத்தில் கண்ட தூரங்களை அளந்து, காணாமற்போன கல்லின் இடத்தைக் குறிக்கிறார். 66 அடிச் சங்கிலி போய்ச் செயற்கைக்கோள் கருவி வந்த பின்னும் முறையின் அடிப்படை மாறவில்லை. படத்தின் தூரமும் மண்ணில் உள்ள தூரமும் ஒத்துவராதபோது எந்தக் கல்லை நம்புவது, எதை விடுவது என்று அவர் முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. அங்கே அளத்தல் நின்று தீர்ப்பளித்தல் தொடங்குகிறது. ஆனால் வரப்பில் நின்று பார்ப்பவர்களின் கண்ணுக்கு இரண்டும் ஒரே வேலையாகவே படுகின்றன. அளவைப் பணி முடிந்ததாக அறிவிக்கப்பட்டுவிட்டால், 13ஆம் பிரிவின்படி அந்தப் பதிவு எல்லைகள் சரியாகவே ‘டிடர்மின்’ செய்யப்பட்டன என்பதற்கு முடிவான சான்றாகிறது. அதை மாற்ற விரும்புபவர் 14ஆம் பிரிவின்படி மூன்றாண்டுக்குள் உரிமையியல் நீதிமன்றம் செல்ல வேண்டும். கண்டறிந்தது தவறாகவும் இருக்கலாம் என்று ஒப்புக்கொள்ளும் சட்டம், ஒரு காலத்துக்குப் பின் கண்டறிந்ததையே உண்மை என்று கொள்கிறது. ஊரில் பூசல் ஓய இது தேவை என்பதில் ஐயமில்லை. ஆயினும் அந்த மூன்றாண்டு ஓடிக்கொண்டிருப்பது நிலத்துக்கு உரியவருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பதும் அதே அளவுக்குத் தேவை. அளந்து காட்டிவிட்டார்கள், அவ்வளவுதான் என்று எண்ணுபவருக்கு அது தெரிவதில்லை.

வயது பற்றிய சட்டங்களில் இம்மயக்கம் மேலும் கூர்மையடைகிறது. பிறப்பு நடந்து முடிந்த நிகழ்ச்சி; எவர் ஆணையாலும் அந்த நாள் முன்னோ பின்னோ நகராது. ஆகவே வயதைக் கண்டறிய முடியுமே அன்றி விதிக்க முடியாது என்று தோன்றும். 1963இல் அரசமைப்புச் சட்டத்தின் பதினைந்தாம் திருத்தம், உயர் நீதிமன்ற நீதிபதிகளின் ஓய்வு வயதை 60இலிருந்து 62 ஆக்கியபோது, வயது பற்றிய பூசல்களுக்கும் வழி செய்தது. உச்ச நீதிமன்ற நீதிபதியின் வயதை நாடாளுமன்றம் சட்டத்தால் குறிக்கும் அதிகாரி ‘டிடர்மின்’ செய்வார் என்று 124ஆம் உறுப்பின் புதிய கூறு சொல்கிறது. உயர் நீதிமன்ற நீதிபதியின் வயது பற்றி வினா எழுந்தால், இந்தியத் தலைமை நீதிபதியைக் கலந்து குடியரசுத் தலைவர் ‘டிசைட்’ செய்வார், அது இறுதியானது என்று 217ஆம் உறுப்பின் புதிய கூறு சொல்கிறது. ஒரே திருத்தம், ஒரே பொருள், இரு வினைகள். இந்த வேறுபாட்டில் ஆழ்ந்த உள்நோக்கம் இருப்பதாகக் கொள்ளத் தேவையில்லை. ‘டிடர்மின்’ கண்டறிதலின் பக்கமும், ‘டிசைட்’ தீர்ப்பின் பக்கமும் சற்றே சாய்வதை மட்டும் அது காட்டுகிறது.

நீதிபதிகளைவிட நாதியற்ற சிறுவர்களுக்கே இச்சொல் வாழ்வா தாழ்வா என்னும் வினாவாகிறது. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின் 94ஆம் பிரிவு வயதை ‘டிடர்மின்’ செய்யும் வரிசையைத் தருகிறது. முதலில் பள்ளி அல்லது தேர்வு வாரியத்தின் பிறந்த தேதிச் சான்று. அது இல்லையேல் மாநகராட்சி, நகராட்சி, ஊராட்சி தரும் பிறப்புச் சான்று. அவை எவையும் இல்லையேல்தான் மருத்துவச் சோதனை. அந்தச் சோதனையில் மணிக்கட்டு, முழங்கை, இடுப்பு ஆகியவற்றின் எலும்பு முனைகள் தண்டோடு எந்த அளவு இணைந்துள்ளன என்பதை எக்ஸ்ரே படத்தில் பார்த்து வயதை மதிப்பிடுகிறார்கள். ஊட்டமும் உடல்வாகும் இணைப்பின் வேகத்தை மாற்றுவதால், இம்மதிப்பீட்டில் இருபுறமும் இரண்டு ஆண்டு வரை பிழை இருக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 1982இலேயே ஏற்றுக்கொண்டது. 17 என்று படம் காட்டும் ஒருவர் 15 வயதினராகவும் இருக்கலாம், 19 வயதினராகவும் இருக்கலாம். ஆனால் அதே பிரிவு, குழந்தைகள் நலக் குழுவோ இளைஞர் நீதி வாரியமோ பதிவு செய்யும் வயதே அச்சட்டத்தின் நோக்கங்களுக்கு அவரது உண்மையான வயதாகக் கொள்ளப்படும் என்று முடிக்கிறது. தேடத் தொடங்கியபோது கண்டறிதலாக இருந்த வினை, பதிவேட்டில் எழுதி முடிக்கும்போது விதித்தலாகிவிடுகிறது. 18 என்னும் கோட்டுக்கு இப்புறம் கூர்நோக்கு இல்லம், அப்புறம் சிறை. ஐயம் உள்ள இடத்தில் சிறுவர்க்குச் சாதகமாகவே முடிவு செய்ய வேண்டும் என்று நீதிமன்றங்கள் வலியுறுத்தி வந்திருப்பது, அந்தச் செயல் முழுவதும் கண்டறிதலன்று என்பதை அவை உணர்ந்திருப்பதால்தான்.

காவிரி வழக்கிலும் இரு செயல்களும் அடுத்தடுத்து நிற்கின்றன. 1990இல் அமைந்த நடுவர் மன்றம் 2007 பிப்ரவரி 5 அன்று தந்த இறுதித் தீர்ப்பில், கீழணை வரையிலான படுகையின் நீர் வளத்தை 50 விழுக்காட்டு நம்பகத்தில் 740 டி.எம்.சி. என்று கணக்கிட்டது, ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி. பின்னர் அதைத் தமிழ்நாட்டுக்கு 419, கர்நாடகத்துக்கு 270, கேரளத்துக்கு 30, புதுச்சேரிக்கு 7 எனப் பங்கிட்டு, எஞ்சிய 14ஐச் சூழலுக்கும் தவிர்க்க முடியாமல் கடலில் கலப்பதற்கும் ஒதுக்கியது. முதல் எண் ஆற்றைப் பற்றியது, பின்வந்த எண்கள் மாநிலங்களைப் பற்றியவை. இரண்டு வேலைகளுக்குமே ‘டிடர்மின்’ என்ற வினை ஆங்கிலத்தில் இயல்பாகப் பொருந்தும். 2018 பிப்ரவரி 16 அன்று உச்ச நீதிமன்றம் 740 என்ற எண்ணைத் தொடாமல், தமிழ்நாட்டின் பங்கை 404.25 ஆகக் குறைத்துக் கர்நாடகத்தின் பங்கை 284.75 ஆக உயர்த்தியது. தமிழ்நாட்டுப் படுகையின் நிலத்தடி நீரில் 10 டி.எம்.சி.யையும், பெங்களூருவின் குடிநீர் உள்ளிட்ட தேவைக்காக 4.75ஐயும் அதற்குக் காரணமாகக் காட்டியது. கண்டறிந்தது நிலைத்தது, விதித்தது மாறியது. ஆயினும் 740ஐயும் முழுக்க இயற்கையின் எண் என்று கொள்ள முடியாது. 50 விழுக்காட்டு நம்பகம் என்றால் இரண்டு ஆண்டில் ஓராண்டுக்கு அந்த அளவோ அதற்கு மேலோ நீர் வரும் என்பது பொருள். 75 விழுக்காட்டைத் தேர்ந்திருந்தால் எண் சிறியதாகியிருக்கும். எந்த அளவுகோலால் அளப்பது என்பதை மனிதர்களே தேர்கிறார்கள். கண்டறிதலுக்குள்ளும் விதித்தலின் கூறு புகுந்திருக்கும் இத்தகைய இடங்களில் அந்தக் கூறை வெளியே எடுத்துக்காட்டுவது நீர்வளப் பொறியாளரின் கடமையும் சட்டமறிந்தோரின் கடமையும் ஆகும்.

உயிரியலில் ஒரே தொடர் நேரெதிரான இரு பொருள்களில் வழங்குகிறது. பாலின ‘டிடர்மினேஷன்’ என்று உயிரியலார் சொல்லும்போது, ஓர் உயிர் ஆணாகவோ பெண்ணாகவோ உருவாகக் காரணமாகும் நிகழ்வையே குறிக்கின்றனர். நெட்டி ஸ்டீவன்ஸ் 1905இல் மாவுப்புழு வண்டின் உயிரணுக்களில் கண்ட சிறிய குரோமோசோம் இக்காரணத்தை விளக்கியது. மடலின் சார்னியே 1966இல் ஒருவகை ஓணானின் முட்டைகளைக் கொண்டு, அடைகாக்கும் வெப்பமே அங்கே பாலினத்தை அமைப்பதைக் காட்டினார். சென்னைக் கடற்கரையில் முட்டையிடும் பங்குனி ஆமைக்கும் அவ்வாறே: மணல் சூடேறினால் பெண் குஞ்சுகள் மிகும், தணிந்தால் ஆண் குஞ்சுகள் மிகும். ஆனால் 1994ஆம் ஆண்டின் கருவுயிர்ச் சோதனைச் சட்டம் தடை செய்யும் பாலின ‘டிடர்மினேஷன்’ என்பது கருவின் பாலினத்தைக் கருவிகொண்டு கண்டறிதல். அங்கே காரணமாதல், இங்கே அறிந்துகொள்ளுதல். இரண்டுக்கும் ‘பாலின நிர்ணயம்’ என்று ஒரே தமிழ்த் தொடரை எழுதும் வழக்கு பாடநூலிலும் செய்தித்தாளிலும் தொடர்வது நல்லதன்று. பிறப்பது பெண்ணானால் தாயைப் பழிக்கும் குடும்பங்கள் இன்றும் உள்ள நாட்டில், எது பாலினத்தை அமைக்கிறது என்ற அறிவியல் செய்தி தெளிவான சொல்லில் போய்ச் சேர வேண்டியது இன்றியமையாதது.

மெய்யியலில் இச்சொல் எடுத்த வடிவத்தை இங்குச் சுருக்கமாகவே குறிக்கலாம். முந்திய காரணங்கள் அனைத்தும் சேர்ந்து பிந்திய நிகழ்ச்சியை ஐயமறத் தீர்க்கின்றன என்னும் கொள்கை ‘டிடர்மினிசம்’ எனப்படும். 1814இல் லாப்லாஸ் அதற்குத் தெளிவான வடிவம் தந்தார், 1927இல் ஹைசன்பர்க்கின் ஆய்வு அணுத்துகள் நிலையில் அதன் அடித்தளத்தை அசைத்தது. தமிழில் நியதிவாதம் என்னும் பெயர் பொருத்தமானது. ஆசீவகர் கொள்கையை அறிந்த தமிழ் மரபுக்கு அச்சொல் அயலன்று. மன உறுதி கொண்டவரையும், தன் விருப்பம் என ஒன்றில்லாமல் காரணங்களால் செலுத்தப்படுபவரையும் ஆங்கிலம் இவ்வினையின் ஒரே எச்ச வடிவத்தால் குறிப்பது, பொருள் விரிவு எவ்வளவு தொலைவு செல்லும் என்பதைக் காட்டுகிறது.

அரசியலில் இவ்வினை பெற்ற பெரும்பேறு ‘சுயநிர்ணயம்’ என்னும் கருத்தாகும். 1914இல் லெனின் தேசிய இனங்களின் சுயநிர்ணய உரிமை பற்றி விரிவாக எழுதினார்; உட்ரோ வில்சனின் பதினான்கு அம்சங்களில் அத்தொடர் இல்லையெனினும், 1918 பிப்ரவரி உரையில் அவர் அதை ஆண்டார். 1945இல் ஐக்கிய நாடுகளின் பட்டயமும், 1966இல் இரு பன்னாட்டு மனித உரிமை உடன்படிக்கைகளின் முதல் உறுப்பும் அதை மக்களினங்களின் உரிமையாக ஏற்றன. 1979இல் அவ்வுடன்படிக்கைகளில் சேர்ந்தபோது இந்தியா, இவ்வுரிமை அந்நிய ஆதிக்கத்தின் கீழுள்ள மக்களுக்கே உரியது என்று ஓர் அறிவிப்பை இணைத்தது. கனடாவின் உச்ச நீதிமன்றம் 1998இல் கியூபெக் பற்றிய கருத்துரையில், ஒரு நாட்டின் உள்ளேயே நிறைவேறும் சுயநிர்ணயத்தையும் பிரிந்துசெல்லும் சுயநிர்ணயத்தையும் வேறுபடுத்தியது.

இந்தத் தொடரிலும் கண்டறிதலும் விதித்தலும் உண்டு. தம் அரசியல் நிலையைத் தாமே விதித்துக்கொள்ளும் உரிமை மக்களினத்துக்கு உண்டு என்றால், இவர்கள் ஒரு மக்களினம்தானா என்ற வினா முன்னே வந்து நிற்கிறது. அதைக் கண்டறிவது யார் என்பதில்தான் பூசல் அனைத்தும். 1985இல் திம்புவில் ஈழத்தமிழ் அமைப்புகள் முன்வைத்த கோட்பாடுகள், தமிழர் ஒரு தனித் தேசிய இனம் என்பதையும் அவர்களுக்குத் தாயகம் உண்டு என்பதையும் ஏற்கச் சொல்லிவிட்டு, அவற்றின் அடிப்படையிலேயே சுயநிர்ணய உரிமையைக் கோரின. முதல் இரண்டும் உள்ளதை ஏற்றுக்கொள்ளச் சொல்பவை, மூன்றாவது இனி அமைய வேண்டியதைச் சொல்வது. இந்த வரிசை அரசியல் உத்தி மட்டுமன்று, கருத்தளவிலும் சரியானது. இலங்கை அரசின் தூதுக்குழு அக்கோட்பாடுகளை ஏற்க மறுத்தது.

இத்தனை பொருள்களையும் ஒரே தமிழ்ச் சொல்லால் பெயர்க்க முயல்வது வீண். தமிழில் கண்டறி, நிர்ணயி, தீர்மானி, வரையறு, அறுதியிடு, முடிவுறு என்று சொற்கள் போதிய அளவு உள்ளன. ‘வரையறு’ என்பதில் வரை என்ற எல்லைப் பொருளும் உள்ளடங்கியிருப்பதால் இலத்தீன் வேருக்கு அது மிக அணுக்கமானது. ஆனால் ஆங்கில வினைக்கு எதிரே அகராதியில் ஒன்றை எழுதி எங்கும் அதையே இடும் பழக்கத்தால், ஆங்கிலத்தில் இருந்த மயக்கம் குறையாமல் தமிழுக்கும் வந்துவிடுகிறது. வயது ‘நிர்ணயிக்கப்பட்டது’ என்று எழுதுகையில் ஆய்ந்து கண்டதா, ஆணையால் கொண்டதா என்பது மறைகிறது. சான்றைக் கொண்டு 17 எனக் கண்டறியப்பட்டு, சட்டத்தின் நோக்கத்துக்கு அதுவே வயதாகக் கொள்ளப்பட்டது என்று எழுதினால் சில சொற்கள் கூடும், ஆனால் எதை எங்கே எதிர்த்து வாதிடலாம் என்பது படிப்பவருக்குத் தெரிந்துவிடும். பெயர்ப்பு மூலத்தைவிடத் தெளிவாக இருப்பது குற்றமாகாது.

அரசமைப்புச் சட்டத்தின் 348ஆம் உறுப்பின்படி, நாடாளுமன்றம் மாற்று ஏற்பாடு செய்யும்வரை, சட்டங்களின் அதிகாரப் பனுவல் ஆங்கிலமே. மாநிலச் சட்டமன்றம் வேறு மொழியில் இயற்றினாலும் அதன் ஆங்கிலப் பெயர்ப்பே அதிகாரப் பனுவலாகிறது. ஆகவே வரப்புத் தகராறும் சிறுவனின் வயதும் கடையின் குத்தகையும் இன்னும் நெடுங்காலம் இந்த ஆங்கில வினையின் கீழேயே தீர்க்கப்படும். தமிழில் சட்டம் பெயர்ப்போரும், வட்டாட்சியர் அலுவலகத்திலும் நீதிமன்றத்திலும் அறிவிப்பு எழுதுவோரும், அந்த வினை வரும் ஒவ்வோரிடத்திலும் நிகழ்ந்தது கண்டறிதலா விதித்தலா முடித்தலா என்று பார்த்து அதற்குரிய தமிழ்ச் சொல்லை இட வேண்டும். கண்டறிந்ததானால் சான்றையும், விதித்ததானால் சட்டப் பிரிவையும் காரணத்தையும், எதுவாயினும் மேல்முறையீட்டுக்குரிய கடைசி நாளையும் அந்த அறிவிப்பிலேயே எழுதித் தர வேண்டும்.